ஒட்டுமரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளையின் முகத்தில் தாயின் சாயலையும் நடையில் தந்தையின் சாயலையும் கண்டு மகிழ்ந்த மக்கள் அதனைப் படைத்தனர். ஐந்து விரலும் ஒன்றாக இருக்குமா என்று கேட்டவர்களும் அதே மக்கள்தாம். முன்னது ஒப்புமையைச் சொல்லுகிறது. பின்னது வேற்றுமையைச் சொல்லுகிறது. இரண்டுமே உண்மையாயின், பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் ஒவ்வாமல் பிறந்த பிள்ளையை எவ்வாறு மதிப்பது என்னும் கேள்வி எழுகிறது. அஃது அறிவியலின் கேள்வி மட்டும் அன்று; அறத்தின் கேள்வியும் ஆகும்.

அக்கேள்வி தமிழுக்குப் புதியதும் அன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றுப் பாடல் (183) கல்வியின் சிறப்பைக் கூற வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தோருள்ளும் கல்வியாற் சிறந்தவன் பக்கமே பெற்ற தாயின் உள்ளமும் சாயும் என்று மன்னன் அதில் கூறுகிறான். கற்க வேண்டும் என்பதற்குச் சான்றாகவே வகுப்பறைகளில் அப்பாடல் நடத்தப்படுகிறது. ஆனால் தாயின் உள்ளம் ஒருபுறம் சாயுமாயின், மறுபுறத்தில் மற்றொரு பிள்ளை நிற்கின்றது அல்லவா? அப்பிள்ளையைப் பற்றி மன்னன் ஒன்றும் கூறவில்லை. உலகம் நடக்கும் விதத்தை அவன் உள்ளவாறு உரைத்தான். உலகம் நடக்க வேண்டிய விதம் அதுதானா என்பதை ஆராய்வது பின்வந்தோர் கடமையாகிறது.

அதனை ஆராய்வதற்குக் கெடா மாநிலத்தைப் போல் ஏற்ற களம் வேறு எளிதில் அமையாது. சுங்கைப்பட்டாணி நகரின் ஒரு பகுதி பாக்கார் ஆராங். மலாய் மொழியில் பாக்கார் என்றால் எரித்தல். ஆராங் என்றால் கரி. இன்று அங்கே தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் பீடோங், பாடாங் செராய், கூலிம் எனச் சுற்றிலும் விரிந்த நிலப்பரப்பு பல்லாண்டுக் காலம் ரப்பர்க் காடாகவே விளங்கிற்று. லயத்து வீடுகளில் பிறந்து, விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, நிரை நிரையாகப் பால் வெட்டி வாழ்ந்த தமிழர் தலைமுறைகள் பல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஏன் வேறுபடுகின்றனர் என்பதற்குரிய விடை, அவர்கள் நாள்தோறும் தொட்டு வாழ்ந்த அம்மரத்திலேயே அடங்கியிருந்தது.

ரப்பர் மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் மிகச் சிறு பகுதியே முளைத்தது. கன்றுகளுட் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. தீபகற்பத்தின் பழைய தோட்டங்கள் எல்லாம் இத்தகைய சில மரங்களின் வழித்தோன்றல்களே. அவ்வளவு சிறிய ஒரு கூட்டத்திலிருந்து தோன்றியவை ஒன்றுபோலவே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ந்ததோ வேறு. விதையிட்டு வளர்த்த தோட்டத்தில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் சுரந்தது. அருகில் நின்ற மரம் மங்கின் அடியை மட்டும் நனைத்தது. ஒன்றின் பட்டை தடித்தது. மற்றொன்றின் பட்டை மெலிந்தது. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று, வெட்டிய கையும் ஒன்றாக இருந்தும் மரங்கள் ஒன்றாக இல்லை.

இவ்வேற்றுமையின் ஊற்று மலரில் இருக்கின்றது. ரப்பர் மரத்தின் ஒரே கொத்தில் ஆண் பூவும் பெண் பூவும் பூக்கின்றன. மிகச் சிறிய பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. மரத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் 36 குரோமோசோம்கள், அதாவது 18 இணைகள், உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது. ஒன்று தந்தைவழி வந்தது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது இவ்விணைகள் பிரிகின்றன. பிரியுமுன் இணையின் இரு உறுப்புகளும் நெருங்கித் தம் பகுதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன. பிரியும்போது தாய்வழிக் கூறு எப்பக்கம் செல்லும், தந்தைவழிக் கூறு எப்பக்கம் செல்லும் என்பதற்கு விதி இல்லை. ஒவ்வோர் இணையும் தன் போக்கில் பிரியும். ஆகவே, பகுதி மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே, ஒரு மரம் 262,144 வகையான மகரந்தத்தை ஆக்க இயலும். தாய்மரமும் அவ்வாறே அத்தனை வகையான சூலை ஆக்கும். இரண்டும் கூடும் வகைகளைப் பெருக்கிக் கண்டால் 6,800 கோடிக்கு மேல் ஆகின்றது. ஒரே காயில் உள்ள மூன்று விதைகளும் மூன்று வெவ்வேறு மகரந்தத் துகள்களால் கருவுற்றவை. அவை ஒன்றாக ஒரு கூட்டினுள் வளர்ந்தும் ஒன்றல்ல.

தோட்டத்துச் சிறுவர்கள் அவ்விதைகளை நன்கு அறிவர். நண்பகல் வெயிலில் காய் வெடித்துச் சிதறும் ஓசையைக் கேட்டு ஓடிப் பொறுக்குவர். கல்லில் தேய்த்துச் சூடேற்றி, அறியாதவன் கையில் வைத்துச் சிரிப்பர். விதையின் மேல் உள்ள பழுப்பு நிறப் புள்ளிகளையும் கோடுகளையும் கூர்ந்து நோக்கினால் வியப்பான ஒன்று விளங்கும். ஒரே மரத்தின் விதைகள் எல்லாம் ஒரே கோலத்தைப் பூண்டிருக்கும். அக்கோலத்தைக் கொண்டே அஃது எவ்வகை மரம் என்று தேர்ந்தவர் கூறுவர். ஏனெனில் விதையின் ஓடு பிள்ளைக்கு உரியதன்று. அது தாய் தன் உடம்பிலிருந்து தந்த போர்வை. போர்வைக்குள் உறங்கும் முளைதான் பிள்ளை. போர்வைகள் ஒத்திருக்கின்றன, உள்ளே இருப்பன ஒவ்வொன்றும் தனி. ஒரே லயத்தில், ஒரே சீருடையில், ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் காணும் ஆசிரியர் இவ்விதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

தோட்ட முதலாளிகளுக்கு இவ்வேற்றுமை இழப்பாகவே தோன்றிற்று. நல்ல மரத்தின் விதையை நட்டாலும் அது நல்ல மரமாகும் என்னும் உறுதி இல்லை. இதற்கு 1910-களில் ஜாவாவில் வழி காணப்பட்டது. விதையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையைச் சிறு சாளரம் போல் திறந்து, தேர்ந்தெடுத்த மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதனுள் வைத்துக் கட்டினர். மொட்டு பற்றிக்கொண்டதும் கன்றின் தலையை வெட்டிவிட்டனர். அதன்பின் வளர்ந்தது அம்மொட்டின் மரம். 1925-இல் மலாயாவில் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இம்முறையை வளர்த்தது. தேர்வு செய்யப்படாத பழைய விதைமரத் தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்தது. பின்வந்த சிறந்த ஒட்டுவகைகள் அதனைப் போல் மூன்று மடங்கு தந்தன. சிறுதோட்டக்காரர் பலர் வாழ்வு உயர்ந்ததும் அதனால்தான். ஆகவே ஒட்டுமரத்தைப் பழிப்பதற்கு இடமில்லை. அது தன் நோக்கத்தை நிறைவேற்றியது.

ஆனால் அதன் தன்மையைத் தெளிவாக உணர வேண்டும். ஒட்டுமரம் தாய்மரத்தின் பிள்ளை அன்று, அது தாய்மரமே. ஓர் உடம்பு ஆயிரம் இடங்களில் நீண்டு நிற்கிறது; அவ்வளவே. அங்கே பிறப்பு நிகழவில்லை. பிறப்பு என்பது இரண்டு உயிர்கள் தம்மிற் பாதியைத் தந்து, முன்பு எங்கும் இல்லாத மூன்றாவது ஒன்றுக்கு இடம் விடுவதாகும். ஒற்றுமையை முழுமையாக விரும்பியவர்கள் பிறப்பையே விலக்க வேண்டியதாயிற்று. நூலைப் போலச் சேலை என்னும் பழமொழியையும் இவ்விடத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். சேலை ஒரு நூலால் ஆவதன்று. பாவும் ஊடும் குறுக்கிட்டே துணியாகும். இரண்டிலும் தனித்தனியே இல்லாத கோலம் நெய்தபின் தோன்றும். நூலைப் பார்த்தவர் சேலையின் தரத்தை ஓரளவு கூறலாம். அதன் கோலத்தைக் கூற இயலாது.

மனிதப் பிறப்பும் இவ்வாறே. மனித உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவை பிரியும் வகை மட்டுமே ஒரு பெற்றோரிடத்தில் 8,388,608 ஆகும். தாயும் தந்தையும் கூடும்போது 70 இலட்சம் கோடி வகைகளுக்கு இடம் உண்டு. பகுதி மாற்றத்தையும் சேர்த்தால் எண் எல்லை கடந்துவிடும். ஒரு கருவே இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையரை விடுத்தால், ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றாலும் ஒருவரைப் போல் ஒருவர் அமையார். மூத்தவன் கணக்கில் தேர்ந்தவன், இளையவனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் தந்தை, இயற்கை ஒருபோதும் அளிக்காத ஒன்றை அவனிடம் எதிர்பார்க்கின்றார். இளையவன் மூத்தவனின் குறைபட்ட படி அல்லன். அவன் வேறொரு முதல்.

ஒட்டுமரத்தின் வரலாற்றிலேயே மற்றொரு பாடமும் உண்டு. மலேசியத் தோட்டங்களில் பெரும்புகழ் பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை எவ்வாறு தோன்றியது? ஜாவாவின் ஜிர் 1, சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்து பி.பி. 86 ஆகிய இரண்டையும் கலந்து பெற்ற விதைகளுள் ஒன்றிலிருந்து அது தோன்றியது. அன்று பிராங் பெசார் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ளது. இலட்சக்கணக்கில் ஒன்றுபோல் நின்ற அம்மரங்களின் மூலம், கலப்பினால் பிறந்த ஒரே ஒரு பிள்ளை. அஃது எவ்விதையில் இருந்தது என்பதை ஒருவரும் முன்னரே அறியவில்லை. பல விதைகளை நட்டு, பல்லாண்டு வளர்த்துப் பார்த்த பின்னரே அறிந்தனர். ஒற்றுமையின் செல்வம் முழுவதும் வேற்றுமையிடம் பெற்ற கடன். அதுமட்டுமன்று. ஒவ்வோர் ஒட்டுமரத்தின் வேரும் ஒரு விதைக்கன்றின் வேர். மண்ணுக்கு மேலே எல்லாம் ஒன்றாக நிற்க, மண்ணுக்குக் கீழே ஒவ்வொன்றும் வேறாக நின்று அதனைத் தாங்குகிறது.

ஒற்றுமை பெருகிய அளவிற்கு அச்சமும் பெருகிற்று. ரப்பரின் தாயகமான தென் அமெரிக்காவில் இலைக்கருகல் நோய் ஒன்று உண்டு. ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசானில் தொடங்கிய ஃபோர்டுலாந்தியாவும், 1934-இல் தொடங்கிய பெல்டெராவும் அந்நோயினால் சீரழிந்தன; 1945-இல் அவை பிரேசில் அரசிடம் கைவிடப்பட்டன. கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுசென்று வைத்த உயர்ந்த ஒட்டுவகைகளும் அந்நோய்முன் நிற்கவில்லை. ஒரு மரத்தை வீழ்த்தத் தெரிந்த நோய்க்கு அதே மரத்தின் ஆயிரம் படிகளை வீழ்த்துவது அரிதன்று. இதனை உணர்ந்த ரப்பர் விளைக்கும் நாடுகள் 1981-இல் ஒன்றுகூடி அமேசான் காடுகளுக்குச் சென்று 60,000-க்கு மேற்பட்ட காட்டுவிதைகளைத் திரட்டின. அவற்றுள் ஒரு பெரும்பகுதி மலேசியாவில் நடப்பட்டது. அக்காட்டு மரங்களுட் பெரும்பாலானவை பால் தருவதில் மிகப் பின்தங்கியவை. எனினும் அவற்றைப் போற்றிக் காக்கின்றனர். ஒரு காலத்தில் வீண் என்று ஒதுக்கப்பட்டதையே, கடல் கடந்து சென்று தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தோட்டத்தின் அளவுகோல் இத்தகையது. அது மரத்தைப் பாலால் அளந்தது. பால் குறைந்த மரம் வெட்டப்பட்டது. மரத்தளவில் அதனைக் குறை கூறுவதற்கில்லை. மரம் பாலுக்காகவே நடப்பட்டது. ஆனால் அதே தராசு மனிதனையும் நிறுத்தபோதுதான் கொடுமை தோன்றிற்று. எத்தனை பவுண்டு பால் கொண்டுவந்தான் என்பதே ஒருவனுடைய முழு மதிப்பாயிற்று. பால்வெட்டுக்காரன் பிள்ளை பால்வெட்டுக்காரனே என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. பாட்டுக்குரிய குரலோடு பிறந்தவனும், கணக்குக்குரிய மூளையோடு பிறந்தவளும் ஒரே நிரையில் நிறுத்தப்பட்டனர். தோட்டம் மரங்களை மட்டும் ஒட்டுக்கட்டவில்லை. மனிதரையும் ஒட்டுக்கட்ட முயன்றது.

மரம் வளர்ப்போன் கண்ணைக் கொண்டு மனிதரை நோக்கிய பிழை தோட்டங்களோடு நின்றதன்று. 1883-இல் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், மனித இனத்தையும் கால்நடையைப் போல் தேர்ந்து பெருக்கலாம் என்னும் கொள்கைக்குப் பெயர் சூட்டினார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இல், தகுதியற்றோர் என்று கருதப்பட்டவரை மகப்பேறற்றவராக்கச் சட்டம் இயற்றியது. 1933-இல் ஜெர்மனியின் நாசி அரசு அத்தகைய சட்டத்தை இயற்றியது. அப்பாதை எங்கே சென்று முடிந்தது என்பதை உலகம் அறியும். பிறப்பின் வேற்றுமையைக் குற்றமாகக் கருதும் மனம் இறுதியில் பிறந்தவரையே குற்றவாளியாக்கிவிடும்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். மனிதர் பிறப்பாலேயே வேறுபடுகின்றனர் என்றால், உயர்வு தாழ்வும் பிறப்பாலேயே அமைந்தது என்று ஆகாதா? குலப்பெருமை பேசுவோர்க்கு இது துணைபோகாதா? போகாது. வேறுபாடு ஒன்று, வரிசை மற்றொன்று. ஒரு மரம் தடித்த பட்டையுடையது, மற்றொன்று மெல்லிய பட்டையுடையது என்பது வேறுபாடு. இது முதலாவது, அது கடைசி என்று வைப்பதற்கு வெளியிலிருந்து ஒரு நோக்கம் வேண்டும். ரப்பருக்குப் பால் அந்நோக்கம். மனிதனோ வேறொருவர் நோக்கத்திற்காக நடப்பட்டவன் அல்லன். ஆதலின் அவனை முழுமையாக வரிசைப்படுத்தும் அளவுகோலும் இல்லை. பெருமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், உயிர்கள் பிறப்பால் ஒப்புடையன என்றும் சிறப்பு செயலால் வேறுபடுவது என்றும் கூறியதன் ஆழம் இங்கே புலனாகும். ஒப்பு என்பது ஒன்றுபோல் இருத்தல் அன்று. ஒருவரையும் தாழ்த்தாமல் மதித்தல்.

குலப்பெருமைக்குக் கெடாவின் மற்றொரு பயிரான செம்பனையும் விடை கூறும். தோட்டங்களில் நடப்படும் தெனெரா என்னும் வகை, தடித்த ஓடுடைய டூராவும் ஓடற்ற பிசிபெராவும் கலந்து பிறப்பது. உயர்ந்தது என்று போற்றப்படும் அத்தெனெராவைத் தெனெராவோடு சேர்த்து விதை எடுத்து நட்டால், நான்கில் ஏறத்தாழ இரண்டே தெனெராவாகும், ஒன்று டூராவாகும், ஒன்று பெரும்பாலும் காய்க்காத பிசிபெராவாகும். உயர்ந்த மரமும் தன் உயர்வை முழுமையாகப் பிள்ளைக்குக் கொடுத்துச் செல்ல இயலாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுகள் கலைக்கப்படுகின்றன. இதனை அறிந்தவர் உயர்குடிப் பிறப்பென்று செருக்குறார். தோட்டத்துப் பிள்ளை என்று எவரையும் இகழார்.

மேலும், பிறப்பு தருவது தொடக்கமே. ஒரே ஒட்டுவகை மரங்களும் மண்ணாலும் நீராலும் வெட்டும் கையாலும் வேறுபட்ட பயன் தருகின்றன. ஆழமாக வெட்டிக் காயப்படுத்தும் கையில் எத்துணை உயர்ந்த மரமும் பாழாகும். மரத்திற்கே இப்படியாயின், அன்பாலும் சொல்லாலும் வளரும் பிள்ளைக்குக் கூற வேண்டுமோ? மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1988 முதல் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வை நீக்குதல் எளிது. பெற்றோர் உள்ளத்திலும் ஆசிரியர் உள்ளத்திலும் உள்ள வரிசைப் பட்டியலை நீக்குதல் அத்துணை எளிதன்று.

வேற்றுமை என்றேனும் பயன்படும், ஆகவே அதனைக் காப்போம் என்னும் வாதம் மரங்களுக்குப் போதும். அமேசான் விதைகளை அதற்காகவே திரட்டினர். பிள்ளைகளுக்கு அவ்வாதம் போதாது. ஒரு பிள்ளை என்றேனும் பயன்படுவான் என்பதற்காக மதிக்கப்படுதல், அவனையும் மங்கு கட்டிப் பார்ப்பதேயாகும். எக்காலத்தும் எப்பயனும் தராத பிள்ளைக்கும் வீட்டில் ஓர் இடம் உண்டு. வகுப்பில் ஓர் இருக்கை உண்டு. அவ்விடம் அவன் ஈட்டியதன்று. பிறந்ததனால் அவனுக்கு உரியது. பெற்றோர் தம்மிற் பாதியை அறியாத ஒருவருக்குத் தந்து வரவேற்கின்றனர். வந்தவர் யார் என்று கேட்காமல் வரவேற்றபின், நீ ஏன் வேறாக வந்தாய் என்று வினவுதல் விருந்தோம்பலுக்கே இழுக்காகும்.

எனவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை இரண்டாகிறது. அன்பும் மதிப்பும் எல்லார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; வளர்க்கும் முறை அவரவர்க்கு ஏற்ப வேறாக இருக்க வேண்டும். ஒன்றாகக் கற்பித்துவிட்டு வெவ்வேறாக மதிப்பதே இன்று பெரும்பாலும் நடப்பது. அது தலைகீழாக வேண்டும். நெடுஞ்செழியன் கண்ட தாயின் உள்ளம் கற்றவன்பால் சாய்வது இயல்பாக இருக்கலாம். ஆயினும் இயல்பைத் திருத்திக்கொள்வதுதானே அறம். அவன் பாட்டில் இடம்பெறாத மற்றொரு பிள்ளையின் பக்கமும் அவ்வுள்ளம் திரும்புமாயின், கல்வி வீட்டிற்குள்ளும் நுழைந்துவிட்டது என்று கொள்ளலாம்.